செட்டிநாட்டில் பழைய கார் தேடுகிறேன், விலை ஏறிக்கொண்டே போகிறது: கிடைத்ததை வாங்கிப் போடலாமா?

கேட்டிருப்பவருக்குச் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம், வேலை சென்னையில். ஊர் வீட்டில் வைத்து ஓட்ட ஒரு பழைய ஃபியட்டோ அம்பாசிடரோ, அமைந்தால் ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வேண்டும் என்று ஒரு வருடமாகத் தேடுகிறார். விசாரிக்கும்போதெல்லாம் விலை கூடியிருக்கிறது. இப்போது ஒரு புரோக்கர், பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டு ஷெட்டில் 1968 ஃபியட் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் போட்டால் உங்களுக்கு, இல்லாவிட்டால் கோயம்புத்தூர் பார்ட்டிக்கு என்கிறாராம். வாங்கலாமா என்று கேட்கிறார். அந்த ஒரு ஃபியட்டைப் பற்றி மட்டும் அவர் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. விலை ஓடும்போது நாமும் கூடவே ஓட வேண்டுமா, ஷெட்டில் கிடக்கும் வண்டி நிஜமாகவே மலிவா என்ற இரண்டும்தான் உள்ளே இருக்கும் கேள்விகள். காரைக்குடியில் பழைய வண்டிகளுக்கு வேலை பார்க்கும் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஓட வேண்டாம். ஷெட்டு வண்டி மலிவும் இல்லை.

விலை ஏன் ஏறுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. ஃபியட்டின் தொடர்ச்சியாக வந்த பத்மினி அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது. மும்பையில் கடைசியாக ஓடிய பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரில் ரோட்டை விட்டுப் போயின. முன்பெல்லாம் அரசு அலுவலக ஏலத்தில் அம்பாசிடர் வரும், வாங்கிச் செப்பனிட்டு ஓட்டுவார்கள். 2023 ஏப்ரலிலிருந்து 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை, அவை நேராக உடைப்புக்குப் போகின்றன. ஆக வரத்து குறைந்துவிட்டது. கேட்பவர்களோ கூடிவிட்டார்கள். நம் பகுதியிலேயே கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார், போட்டோ எடுக்கப் பழைய கார், ஓட்டலாக மாறிய செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நிறுத்த ஒரு பழைய கார் என்று ஆகிவிட்டது. இவை எல்லாம் நிஜமான காரணங்கள், புரோக்கர் கட்டிவிட்ட கதை இல்லை.

ஆனால் "விலை ஏறுகிறது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் விளம்பரத்தில் போடும் விலையை வைத்துத்தான். ஒருவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் அதற்கு மேல் போடுகிறார். கை மாறிய விலை வேறு. அது விளம்பரத்தில் வராது. வண்டிக்கு வேலை பார்த்த மெக்கானிக்குக்கும் டிங்கருக்கும்தான் தெரியும். ஒரே வண்டி மூன்று நான்கு மாதமாகப் படம் மாறாமல் விளம்பரத்திலேயே நிற்கிறது என்றால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். நீங்கள் தேடும் மாடலில் விளம்பரங்களைத் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டே வாருங்கள். எது இறங்கியது, எது காணாமல் போனது, எது அப்படியே கிடக்கிறது என்று பார்த்தாலே பாதிப் பதற்றம் தணிந்துவிடும்.

சரி, ஷெட்டுக்கு வருவோம். பர்மா, மலேயா கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த குடும்பங்கள் கார் வைத்திருந்தன. வீட்டை ஒட்டிப் பெரிய கார் ஷெட்டும் கட்டினார்கள். இன்றைக்கும் சில ஷெட்டுகளில் வண்டி நிற்பது உண்மை. ஆனால் வீடு எப்படிப் பல பங்காளிகளுக்குப் பொதுவோ, ஐயா (தாத்தா) பெயரில் இருக்கும் காரும் அப்படித்தான். நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பது போல இங்கேயும் பார்த்தே ஆக வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர் காலமாகியிருந்தால், முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். அதன் பிறகுதான் படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு வரும். சென்னையில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர் என்று பிரிந்திருந்தால் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதற்குள் நீங்கள் களைத்துப் போவீர்கள். சாவி வைத்திருக்கும் வாட்ச்மேனோ, பக்கத்து வீட்டு உறவினரோ "நான் பேசி முடிச்சுத் தர்றேன்" என்பதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. வாரிசுகள் ஒன்றாகக் கூடும் சமயம் பார்த்துப் போவதுதான் வழி. வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) என்றாலோ, சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) என்றாலோ வெளியூர்ப் பங்காளிகளும் வந்துவிடுவார்கள். அன்றைக்கு விலை பேசாதீர்கள், அது மரியாதை இல்லை. ஆச்சியிடம் விவரம் சொல்லி, முடிவெடுக்கக்கூடியவர் யார் என்று கேட்டு அவருடைய எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். நான் பார்த்தவரை விலையை விட "அப்பச்சி (அப்பா) வண்டியை உடைக்கிறவனிடம் கொடுத்துவிடுவோமோ" என்ற கவலைதான் அவர்களைத் தடுக்கிறது. ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்று அவர்கள் நம்பினால் பேச்சு தானாக நகரும்.

புத்தகம் இருந்தாலும் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் 1985 வரை பழைய ராமநாதபுரம் மாவட்டம். கடியாபட்டி, கோனாபட்டுப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். அதுவும் 1974க்கு முன்பு திருச்சி மாவட்டம். அந்தக் காலத்து மூன்றெழுத்து நம்பர் வண்டிகளுக்குப் பக்கத்திலிருக்கும் ஆர்டிஓ அலுவலகத்தில் போய்க் கேட்டால் எதுவும் கிடைக்காமல் போகலாம். புத்தகத்தில் எந்த அலுவலக முத்திரை இருக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். வராவிட்டால் உடனே பயப்பட வேண்டாம், பழைய பதிவேடு கணினியில் ஏறாமல் இருக்கலாம். ஆனால் அதை ஏற்றிக் கொடுப்பது விற்பவர் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அடுத்து, புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா என்று நீங்களே தேய்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத்தாளை எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே எழும்பி வரும். எழுத்துகளின் உயரம் மாறினாலோ, வரிசை கோணினாலோ, சுற்றிலும் கிரைண்டர் கீறல் இருந்தாலோ அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

பேப்பர் சரியாக இருந்தால் அடுத்தது பாடி. எஞ்சினைக் கேட்டு வண்டி வாங்குகிறவர்கள்தான் அதிகம். நான் எஞ்சினைக் கடைசியில்தான் பார்க்கிறேன். எஞ்சினுக்குச் செலவு என்ன என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிட முடியும். துரு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் தனி ஃப்ரேம் கிடையாது, தகரமே எலும்பு. ஃப்ளோர் போனால் வண்டியே போனது போலத்தான். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடும் படிப்பெட்டி மேல் இழுத்துக்கொண்டே போங்கள். தகரம் இருக்கும் இடத்தில் வெடுக்கென்று பிடிக்கும், பட்டி அடித்த இடத்தில் நழுவும். அப்புறம் டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று சொல்லும், உளுத்த தகரம் தொம்மென்று அமுங்கும். பின் லீஃப் ஸ்பிரிங் பாடியோடு சேரும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரித் தட்டுக்கு அடி, காலடி ரப்பர் மேட்டுக்கு அடி, இந்த நான்கையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். புது பெயிண்ட் பளபளவென்று இருந்தால் கூடுதலாகவே சந்தேகப்படுங்கள். விற்பதற்கென்று அடித்த பெயிண்ட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காந்தம்தான் சொல்லும்.

நம் பகுதிக்கு ஒரு சாதகம் உண்டு. கடற்கரை வண்டி மாதிரி உப்புக் காற்றில் நின்றதில்லை, அதனால் தகரம் பொதுவாகத் தேவலை. வறண்ட சூட்டில் போவது வேறு பொருட்கள். கண்ணாடி பீடிங், கதவு ரப்பர், பிரேக் ஹோஸ், கூரை லைனிங் எல்லாம் அப்பளமாக நொறுங்கும். எலி வயரைக் கடித்திருக்கும். மரச்சட்டத்தின் மேல் தகரம் போர்த்திய, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டி என்றால் கரையானையும் பார்க்க வேண்டும். ஷெட்டிலிருந்து வண்டியை எடுக்கும் நாளில் நடக்கும் கொடுமை ஒன்றைச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் நின்ற வண்டியின் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிப் போயிருக்கும். அது தெரியாமல் டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பார்கள். டயர் உருளாமல் தேய்ந்தபடியே வரும், ஆக்சிலும் ஸ்பிரிங்கும் திருகிக்கொள்ளும். ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, டிரம்மைக் கழற்றி விடுவித்து, கையால் சுற்றிப் பார்த்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். எஞ்சினையும் அப்படித்தான் நடத்த வேண்டும். பேட்டரியை மாட்டி உடனே செல்ஃப் அடிக்கக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் மறுபடி ஊற வேண்டும். பலத்தைக் காட்டினால் ரிங் உடையும்.

மாடலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஃபியட்டோ அம்பாசிடரோ ஹெரால்டோ" என்று தேடுகிறவர் மூன்றின் விலைக்கும் பயந்துகொண்டே இருப்பார். ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அந்த ஒன்றின் நல்லது கெட்டது கைக்கு வந்துவிடும். 1957இல் வந்த முதல் அம்பாசிடரும், 60களில் வந்த மார்க் 2ம்தான் சேகரிப்பவர்கள் துரத்தும் வண்டிகள். ஓட்டுவதற்கென்றால் 90களில் வந்த 1800 இசுசு எஞ்சின் வண்டி வசதி, பாகமும் கிடைக்கும். ஆனால் அதற்குச் சேகரிப்பு மதிப்பு இன்னும் வரவில்லை. 60களின் ஃபியட் 1100 டிலைட்டும் அதன் தொடர்ச்சியான பத்மினியும் 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங்கில் கியர், எடை குறைவு. செட்டிநாட்டுத் தெருக்களில் திருப்ப எனக்குப் பிடித்தது இதுதான். டிலைட், பத்மினி இரண்டிலும் கிங்பின்னுக்கு (முன் சக்கரம் திரும்பும் அச்சுக்கு) ஒழுங்காக கிரீஸ் போகவில்லை என்றால் ஸ்டியரிங் ஆடும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்தால் தெரிந்துவிடும்.

ஹெரால்டு 1961லிருந்து 1971 வரை சென்னையில் தயாரான வண்டி, 948 சிசி. அதற்கு அடியில் தனி சேஸிஸ் உண்டு என்பதால் பாடியைக் கழற்றி வேலை பார்க்கலாம். ஆனால் அந்த சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடித்தால் கதவு சரியாக மூடாது. பானட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறப்பது வேலைக்காரனுக்கு வரம். இதன் முன் சக்கரத்தில் ட்ரன்னியன் என்று ஒரு பாகம் இருக்கிறது. அதற்கு கியர் ஆயில் விட வேண்டும். எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிக்கும் பழக்கத்தில் இதற்கும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். உள்ளே மரை தேய்ந்து ஒருநாள் சக்கரம் அப்படியே மடிந்துவிடும். ஹெரால்டு விற்பவரிடம் "ட்ரன்னியனுக்கு என்ன விடுகிறீர்கள்" என்று கேளுங்கள். வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பது அந்த ஒரு பதிலிலேயே தெரியும். எஞ்சின் பாகங்களில் பல இங்கிலாந்தில் இன்னும் கிடைக்கின்றன, ஆனால் நம் நான்கு கதவு மார்க் 3க்கான கதவும் கண்ணாடியும் இங்கேதான் தேட வேண்டும். அம்பாசிடர் பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை, அங்கே இல்லை என்றால் கொல்கத்தா மல்லிக் பஜார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளில் எப்போதாவது ஹாரனோ விளக்கோ அகப்படும். அதை நம்பி வண்டி வாங்கக் கூடாது.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விண்டேஜ் பதிவு கொண்டுவந்தது. நம்பரில் "விஏ" என்ற எழுத்து வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு 10 வருடம் செல்லும். இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். சேஸிஸோ பாடியோ எஞ்சினோ பெரிதாக மாறியிருக்கவும் கூடாது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் வைத்த ஃபியட்டும் அம்பாசிடரும் நம் பக்கம் நிறைய. அவற்றுக்கு இந்த வழி அடைபட்டது. புத்தகத்திலும் பெட்ரோல் என்றே இருந்தால் சாதாரணப் புதுப்பித்தலிலும் தகராறு வரும். நீங்கள் குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் குடும்பத்தோடு போய்வர விரும்புகிறவர் என்றால் பழைய நம்பரிலேயே சாதாரணப் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போவதே நல்லது. அந்தக் கட்டணமும் கூடியிருக்கிறது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். காலம் கடந்த வண்டிக்குத் தாமதக் கட்டணமும் சேரும். விலை பேசும்போதே இதை யார் கட்டுவது என்று பேசிவிடுங்கள்.

இப்போது அந்தப் பள்ளத்தூர் ஃபியட். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்ற கெடுவை மறந்துவிடுங்கள். புரோக்கரிடம் மூன்று கேளுங்கள்: ஆர்.சி. புத்தகத்தின் எல்லாப் பக்கங்களின் படம், சேஸிஸ் எண்ணின் பென்சில் தேய்ப்பு, வாரிசுகளில் முடிவெடுப்பவரோடு நேரடிப் பேச்சு. மூன்றும் வந்தால் ஒரு டிங்கரை அழைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். வராவிட்டால் கோயம்புத்தூர் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும். அதே நேரத்தில், அந்த விலையோடு சீர்படுத்தும் செலவையும் கூட்டிப் போட்டு, ஒரே குடும்பத்தில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிலைட் அல்லது பத்மினி என்ன விலை என்று விசாரியுங்கள். டிங்கரிங், பெயிண்ட், குரோம் முலாம், சீட் ரெக்ஸின், பீடிங், வயரிங், டயர் என்று போனால் ஷெட்டு வண்டிக்கு வாங்கிய விலையளவு, பல நேரம் அதற்கு மேலும், செலவாகும். வண்டி விலை மட்டுமா ஏறுகிறது, முலாம் போடுகிறவர் கூலியும் ஏறுகிறது, அந்த வேலை தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. விலை ஏறும் சந்தையில் அதிக விலை சொன்னாலும் ஓடுகிற, பேப்பர் நேராக இருக்கிற வண்டியை வாங்குகிறவர்தான் கடைசியில் குறைவாகச் செலவழிக்கிறார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் உள்ளவற்றையும் சொல்ல வேண்டும். விலை இதே வேகத்தில் ஏறும் என்று யாரும் உறுதி தர முடியாது. பத்மினியும் பிற்கால அம்பாசிடரும் ஏராளமாகத் தயாரான வண்டிகள். அவற்றில் ஏறி வளர்ந்த தலைமுறையின் ஆசைதான் இன்றைய விலை. அடுத்த தலைமுறைக்கு அந்த ஆசை இருக்குமா என்பதைப் பொறுத்துத்தான் மீதி. ஆகவே முதலீடாக நினைத்து வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்னொன்று, போருக்கு முந்தைய அமெரிக்க, ஆங்கிலேய வண்டிகளுக்கு நான் மதிப்புச் சொல்வதில்லை. என் கை பழகியது 50களுக்குப் பிந்தைய வண்டிகளில். அந்தப் பழைய வண்டிகளுக்குச் சென்னை மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற இடங்களில் அனுபவப்பட்டவர்களைக் கேளுங்கள். கோயம்புத்தூர் ஜீடி கார் மியூசியத்தை ஒருமுறை நிதானமாகச் சுற்றி வந்தாலும், ஒழுங்காகச் சீரமைத்த வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பிடிபடும்.

எந்த வண்டி வாங்கினாலும் முதல் செலவை பிரேக்குக்கும் பெட்ரோல் லைனுக்கும் ஒதுக்குங்கள். இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் கேஸ்கெட் இதைத் தாங்காது, ஊறிப் பிசுபிசுத்துக் கசியும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவது தீயில் போய் முடியும். எத்தனால் தாங்கும் ஹோஸ் கடையில் கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை மாற்றிவிடுங்கள். டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். நிறுத்தி வைக்கும் வண்டியில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்காதீர்கள், ஊருக்கு வரும்போது புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சென்னையில் இருக்கும் நாட்களில், வாரம் ஒருமுறை வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டி வர ஊரில் நம்பிக்கையான ஒருவரை வாங்குவதற்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள்.